ஒரே ரிடிம், பல குரல்கள்: ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெகேயிலிருந்து கிளைத்த ஜமைக்காவின் நடன இசையான டான்ஸ்ஹாலைக் கேட்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் வரும் குழப்பம் ஒன்றுதான்: "இதே பாட்டைப் போன வாரம் வேறொருவர் குரலில் கேட்டேனே?" நியாயமான குழப்பம். இந்த இசையைப் பாடகர் பெயரை வைத்துத் தேடுகிறவர்கள் அதில் பாதியை இழந்துவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. ரிடிமின் பெயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். கீழே உள்ள பதில்கள் அந்தக் கருத்தோடு எழுதப்பட்டவை.

ரிடிம் என்றால் என்ன?

பாட்டுக்கு அடியில் ஓடும் வாத்திய இசை. டிரம்ஸ், பேஸ், கூடவே ஒரு கீபோர்டுத் துணுக்கோ கைத்தட்டலோ இருக்கும். அதற்கென்று தனிப் பெயர் உண்டு. தயாரிப்பாளர் அதைச் செய்து முடித்ததும் ஒரே பாடகரிடம் ஒப்படைத்துவிடுவதில்லை. ஆறு பேருக்கோ பத்துப் பேருக்கோ, சில சமயம் இருபது பேருக்கோ கொடுக்கிறார். ஒவ்வொருவரும் தமக்கென்று மெட்டமைத்து, வரி எழுதி, தலைப்பு வைத்து, அதே இசையின் மேல் பாடிப் பதிவு செய்கிறார்கள். எல்லாப் பாட்டுகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளிவருகின்றன. ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் ஒருவர் "புது ரிடிம் வந்திருக்கிறது" என்று சொன்னால், இந்த முழுத் தொகுப்பையும்தான் சொல்கிறார்.

இது நகலெடுப்பது ஆகாதா?

ஆகாது. நம் பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு 'வர்ணமெட்டு' என்ற குறிப்பு நினைவிருக்கும். மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பாட்டின் முதலடியை மேலே அச்சிட்டு, அந்த மெட்டிலேயே புதிய பாட்டைப் பாடச் சொல்வார்கள். கேட்பவருக்கு மெட்டு பழகியது என்பதால் கவனம் நேராகச் சொல்லின் மேல் போகும். ரிடிமின் தர்க்கமும் இதற்கு அருகில்தான் இருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. வர்ணமெட்டில் மெட்டு பொது, சொல் புதிது. ரிடிமில் மெட்டும் சொல்லும் பாடுபவருக்கே சொந்தம், அடியில் இருக்கும் தாளமும் பேஸும் மட்டும் பொது.

எல்லாரும் ஒரே தளத்தில் நிற்பதால் திறமையை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. இசை நன்றாக இருந்தது, அதனால் பாட்டு தப்பித்தது என்று யாரும் ஒளிந்துகொள்ள வழியில்லை. எல்லாருக்கும் அதே இசைதான். ஒருவர் பாட்டு மட்டும் தெருவெல்லாம் ஒலிக்கிறது என்றால், அந்த வெற்றி அவர் குரலுக்கும் கற்பனைக்கும் உரியது.

இந்த வழக்கம் எப்படித் தொடங்கியது?

1960-களின் கடைசியில், ஸ்பானிஷ் டவுன் என்ற ஊரில் ரடி ரெட்வுட் என்பவர் ஒரு சவுண்ட் சிஸ்டம் நடத்தினார். சவுண்ட் சிஸ்டம் என்பது பெரிய ஒலிபெருக்கிகளைத் திறந்தவெளியில் அடுக்கி, மக்களைக் கூட்டி நடனம் நடத்தும் அமைப்பு. தயாரிப்பாளர் டியூக் ரீடின் ட்ரெஷர் ஐல் ஸ்டூடியோவில் பாராகன்ஸ் குழுவின் ஒரு பாட்டை ரெட்வுட்டுக்கென்று இசைத்தட்டாக வெட்டிக் கொடுத்தபோது, பாடும் குரல் அதில் சேராமல் போய்விட்டது. ரெட்வுட் அதை வீசிவிடவில்லை. அன்றைய நடனத்தில் முதலில் குரலோடு இருந்த தட்டை ஓட்டினார். அடுத்து குரலில்லாத தட்டை வைத்தார். கூட்டம் முழுவதும் தானே பாடத் தொடங்கியது. அதைக் கண்ட தயாரிப்பாளர்கள் இசைத்தட்டின் பின்பக்கத்தில் வாத்திய இசையை மட்டும் போடத் தொடங்கினார்கள். அதற்கு 'வெர்ஷன்' என்று பெயர் வந்தது.

குரலில்லாத இடம் கிடைத்தால் ஒருவர் மைக்கைப் பிடிக்கத்தானே செய்வார். கிங் டபி நடத்திய சவுண்ட் சிஸ்டத்தில் மைக் பிடித்துப் பேசிக்கொண்டிருந்த யூ-ராய், ட்ரெஷர் ஐலின் பழைய இசைமேல் பேச்சும் பாட்டுமாகப் பதிவு செய்தார். 1970-இல் அவருடைய மூன்று தட்டுகள் ஜமைக்காவின் முதல் மூன்று இடங்களையும் ஒரே சமயத்தில் பிடித்தன. டான்ஸ்ஹால் பாடகர் என்ற வகையே அங்கிருந்துதான் கிளைத்தது.

1974-இல் தயாரிப்பாளர் ரூபி எட்வர்ட்ஸ் 'யமஹா ஸ்காங்க்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே ரிடிம். ஒரு ரிடிமுக்கு ஓர் ஆல்பம் என்ற வடிவம் அதிலிருந்து தொடங்குகிறது.

ஸ்லெங் டெங் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, ஏன்?

அதற்கு முன்பும் பின்பும் என்று இந்த இசையின் வரலாற்றையே பிரித்துவிட்ட ரிடிம் அது.

1985 வரை ரிடிம் என்றால் ஸ்டூடியோவில் டிரம்ஸ் வாசிப்பவர், பேஸ் கிடார் வாசிப்பவர், பியானோ வாசிப்பவர் எல்லாரும் கூடி வாசித்தது. புதிதாக வாசிக்கும்போதும் பெரும்பாலும் ஸ்டூடியோ ஒன், ட்ரெஷர் ஐல் ஆகிய ஸ்டூடியோக்களின் காலத்துப் பழைய பேஸ் வரிகளையே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆல்டன் எலிஸ் 1967-இல் பாடிய ஒரு பாட்டின் ரிடிம், 1980-களின் தொடக்கத்தில் மிச்சிகன் அண்ட் ஸ்மைலி இரட்டையருக்குப் போனது. பிறகு யெல்லோமேனிடம் வந்து உலகெங்கும் பரவியது. நல்ல பேஸ் வரி ஒன்று கிடைத்துவிட்டால் அது மூன்று தலைமுறைக்குச் சோறு போடும்.

இதற்கிடையே ஜப்பானில் ஒகுடா ஹிரோகோ என்ற இளம்பெண் இசைக் கல்லூரியில் ரெகே பற்றி ஆய்வேடு எழுதிவிட்டு, 1980-இல் காசியோ நிறுவனத்தில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று, எம்.டி-40 என்ற சிறிய கீபோர்டுக்குத் தாளங்களைத் தயார் செய்வது. வீட்டில் வைத்து வாசிக்கும் மலிவான கீபோர்டு அது. அதில் 'ராக்' என்று பெயரிட்ட தாளத்துக்கு அவர் ஒரு பேஸ் வரி அமைத்தார்.

அந்தக் கீபோர்டு எப்படியோ கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் இருந்த நோயல் டேவியின் கைக்கு வந்து சேர்ந்தது. அவரும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அந்த 'ராக்' தாளத்தைக் கண்டுபிடித்து, தயாரிப்பாளர் கிங் ஜாமியிடம் கொண்டுபோனார்கள். ஜாமி அதன் வேகத்தைக் குறைத்தார், மேலே சில தட்டல்களும் பியானோ ஒலியும் சேர்த்தார். அவ்வளவுதான் வேலை. 1985 பிப்ரவரியில் வால்தம் பார்க் சாலையில் பிளாக் ஸ்கார்ப்பியோ சவுண்ட் சிஸ்டத்துடன் நடந்த போட்டியில் ஜாமி அதை ஓட்டினார். மனிதர் வாசிக்காத பேஸ், மனிதர் தட்டாத டிரம்ஸ். கூட்டம் கொந்தளித்தது.

அடுத்த சில மாதங்களில் அந்த ரிடிமின் மேல் பாடாத பாடகர் ஜமைக்காவில் இல்லை என்று சொல்லலாம். நூற்றுக்கணக்கான வெர்ஷன்கள் வந்தன. அன்றுவரை ஸ்டூடியோவில் கூலிக்கு வாசித்துப் பிழைத்த பல கலைஞர்களுக்கு வேலை குறைந்தது, அந்த இழப்பையும் சொல்லத்தான் வேண்டும். இன்னொரு பக்கம், இசைக்குழு வைத்துக்கொள்ள வசதியில்லாத இளைஞர்களுக்குக் கதவு திறந்தது. இன்று மடிக்கணினியில் ரிடிம் செய்யும் எல்லாரும் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள்தான். வெய்ன் ஸ்மித் 2014-இல் 48 வயதில் காலமானார்.

டீஜே என்பவர் தட்டு போடுபவரா, பாடுபவரா?

ஜமைக்காவில் டீஜே என்றால் பாடுபவர். இசைமேல் தாளத்தோடு சொல்லடுக்கிப் பேசுபவர். தட்டு போடுபவர் செலக்டர். மெட்டோடு பாடுபவர் சிங்கர். இரண்டையும் கலந்து செய்பவரைச் சிங்ஜே என்கிறார்கள். பௌன்டி கில்லர் டீஜே, வெய்ன் வண்டர் சிங்கர். நல்ல ரிடிம் தொகுப்பில் இந்த மூன்று வகைக் குரல்களும் இருக்கும். எல்லாரும் டீஜேக்களாகவே இருக்கும் தொகுப்பு நான்காவது பாட்டிலேயே சலித்துவிடுகிறது.

டான்ஸ்ஹால் தாளத்தை எப்படி அடையாளம் காண்பது?

"தகிட தகிட தக" என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். மூன்று, மூன்று, இரண்டு. எட்டு எண்ணிக்கையில் 1, 4, 7 ஆகிய இடங்களில் அடி விழும். 1990-களில் இருந்து வந்த எண்ணற்ற டான்ஸ்ஹால் ரிடிம்களின் முதுகெலும்பு இதுதான். இதை ஒருமுறை பிடித்துவிட்டால், லத்தீன் அமெரிக்காவின் ரெகேடோன் பாட்டுகளிலும் அதே அடியைக் கேட்பீர்கள். அது அங்கே எப்படிப் போனது என்பது கீழே வருகிறது.

எல்லா ரிடிமும் இந்த அடியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 'ஒன் டிராப்' என்ற மெதுவான வகையும் உண்டு. டான் கார்லியோன் என்ற பெயரில் இயங்கும் தயாரிப்பாளர் செய்த 'டிராப் லீஃப்' அந்த வகையில் மிகச் சிறந்தது. டி.ஓ.கே. குழு, ஷான் பால், ஜா கியூர் எல்லாரும் அதில் பாடியிருக்கிறார்கள். ஜா கியூர் அப்போது சிறையில் இருந்தார். அந்தப் பாட்டில் இருக்கும் ஏக்கம் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு புதிய ரிடிம் இன்று எப்படி உருவாகி வெளியாகிறது?

தயாரிப்பாளர் கணினியில் டிரம்ஸையும் பேஸையும் அமைக்கிறார். இரண்டு நிமிடம் ஓடும் அளவுக்கு ஒரு வடிவம் வந்ததும், முதலில் ஒரு பெரிய பாடகரை இலக்கு வைப்பார். பெரிய பெயர் ஒன்று ஒப்புக்கொண்டால் மற்றவர்கள் தாமாகவே வருவார்கள். பிறகு இசைக்கோப்பு மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ போகிறது. பாடகர் பெரும்பாலும் தம் வீட்டு ஸ்டூடியோவிலேயே பாடி, குரலை மட்டும் திருப்பி அனுப்புகிறார். ஒரே ரிடிமில் பாடிய பலர் ஒருவரையொருவர் அந்த வேலைக்காகச் சந்தித்திருக்கவே மாட்டார்கள்.

குரல்கள் வந்து சேர்ந்த பிறகு தயாரிப்பாளரின் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு குரலுக்கும் ஏற்ப இசையைச் சற்று மாற்றுகிறார். ஒரு டீஜே வேகமாகச் சொல்லடுக்கும் இடத்தில் டிரம்ஸை நிறுத்திவிட்டு பேஸை மட்டும் விடுவார். ஒரு சிங்கரின் பல்லவிக்கு அடியில் ஒரு கீபோர்டு வரியை ஏற்றுவார். இந்தச் சிறு வேறுபாடுகளைக் காது பிடிக்கத் தொடங்கும்போதுதான் ரிடிம் கேட்பதன் ருசி தெரியும்.

வெளியீட்டுக்கு முன்பே செலக்டர்களுக்கும் வானொலிக்காரர்களுக்கும் கோப்புகள் போய்விடும். அவர்கள் செய்வதற்கு 'ஜக்ளிங்' என்று பெயர். ரிடிம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் பாட்டில் ஒரு பல்லவியும் சரணமும் மட்டும் ஒலித்ததும் அதே தாளத்தில் அடுத்தவர் குரலை நுழைப்பார் செலக்டர். ஏதாவது ஒரு பாட்டுக்குக் கூட்டம் கூச்சலிட்டால், பாட்டைச் சட்டென்று நிறுத்தி, பின்னால் சுழற்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அந்த ஆரவாரத்தை வைத்தே எந்தப் பாட்டு நிற்கும், எது விழும் என்று முடிவாகிறது. ஸ்டோன் லவ் போன்ற சவுண்ட் சிஸ்டங்கள் 1970-களிலிருந்து இந்தத் தீர்ப்பைச் சொல்லிவருகின்றன.

ஒரு ரிடிமை எந்த வரிசையில் கேட்க வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டு வேண்டும்.

கீபோர்டுக் கலைஞரான ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன் செய்து 2002-இல் தொகுப்பாக வெளிவந்த 'தீவாளி' ரிடிமை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடையாளம் கைத்தட்டல். பல பேர் வட்டமாக நின்று தட்டுவது போன்ற ஒலி முன்னால் நிற்கிறது, டிரம்ஸும் பேஸும் அதற்குத் துணையாக வருகின்றன. மெட்டு அமைப்பதற்கு நிறைய வெற்றிடம் விட்டிருக்கிறார் லெங்கி.

முதலில் ஷான் பாலின் 'கெட் பிஸி'. அவர் அந்த வெற்றிடத்தை முழுவதும் நிரப்புகிறார். கைத்தட்டலோடு ஒட்டியே சொற்களை வைக்கிறார். மூச்சு விடும் இடங்கள்கூடத் தாளத்தில் விழுகின்றன. 2003-இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அடுத்து வெய்ன் வண்டரின் 'நோ லெட்டிங் கோ'. அதே கைத்தட்டல்தான், ஆனால் அவர் அதைக் கண்டுகொள்ளாதவர் போல நீண்ட சுரங்களை மேலே மிதக்க விடுகிறார். தாளம் துடிக்கிறது, குரல் நிதானமாக நிற்கிறது. ரிடிம் வேகமாக இருப்பதால் பாடுபவரும் வேகமாகப் பாட வேண்டும் என்பதில்லை என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. என்னைக் கேட்டால், இந்த ரிடிமின் மிக அழகான பாட்டு இதுதான்.

மூன்றாவதாக பௌன்டி கில்லரின் 'சஃபரர்'. நடனத்துக்காகச் செய்த கைத்தட்டலின் மேல் நின்றுகொண்டு, கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளின் துன்பத்தைக் கரகரத்த குரலில் முழங்குகிறார். முந்தைய இரண்டு பாட்டுகளில் கொண்டாட்டமாக ஒலித்த அதே தட்டல், இங்கே கோபமாக ஒலிக்கிறது. இசையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

இதற்குப் பிறகு லூமிடியைக் கேளுங்கள். நியூயார்க்கைச் சேர்ந்த அந்த இளம்பெண், அதே ரிடிமில் ஏறக்குறைய பேசுவது போன்ற எளிய குரலில் பாடி பில்போர்டில் மூன்றாம் இடம் வரை போனார். ஷான் பால், வெய்ன் வண்டர், லூமிடி: ஒரே வாத்திய இசை, ஒரே ஆண்டில் அமெரிக்கப் பட்டியலில் மூன்று பெரிய வெற்றிகள். தனித்தனியாகக் கேட்டவர்கள் மூன்று பாட்டுகளைக் கேட்டார்கள். சேர்த்துக் கேட்டவர்களுக்கு லெங்கியின் மேதைமை தெரிந்தது.

'தீவாளி' என்ற பெயருக்கும் நம் தீபாவளிக்கும் தொடர்பு உண்டா?

பெயர் அந்தப் பண்டிகையினுடையதுதான். ஆனால் பாட்டுகளில் பண்டிகை பற்றி எதுவும் கிடையாது. ரிடிம்களுக்குக் காதில் விழுந்த எதையும் பெயராக வைப்பது அங்கே வழக்கம்.

ஜமைக்காவுக்கு இந்தியா அன்னியமான நாடு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1845 முதல் 1917 வரை சுமார் 36,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களும் அவர்களில் உண்டு.

பெண்கள் பாடுகிறார்களா?

பாடுகிறார்கள், கூர்மையாகப் பாடுகிறார்கள். டேவ் கெல்லியின் 'ஜாய்ரைட்' 1990-களின் நடுவில் வந்த புகழ்பெற்ற ரிடிம். அதில் டான்யா ஸ்டீபன்ஸும் லேடி சாவும் பாடிய பாட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். படுக்கையறை வீரம் பேசும் ஆண்களை டான்யா சிரித்துக்கொண்டே நறுக்குகிறார். லேடி சா தனக்கு விருப்பமில்லாததை முகத்துக்கு நேரே மறுக்கிறார். ஆண் டீஜேக்கள் தம்பட்டம் அடிக்கும் அதே இசையிலேயே அதற்கான பதிலும் வருவது, ரிடிம் என்ற அமைப்பால் மட்டுமே கிடைத்த வாய்ப்பு. லேடி சா பின்னர் மதப் பணிக்குத் திரும்பி மேரியன் ஹால் என்ற சொந்தப் பெயரில் பாடுகிறார். இன்றைய தலைமுறையில் ஸ்பைஸும் ஷென்சியாவும் முன்வரிசையில் நிற்கிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி சிஸ்டர் நான்சி. அவருக்கு நேர்ந்தது அடுத்த கேள்விக்கான பதில்.

பணம் யாருக்குப் போகிறது?

பல காலம், போக வேண்டியவருக்குப் போகவில்லை.

1973-இல் ஆன்செல் காலின்ஸ் வாசித்து வின்ஸ்டன் ரைலி தயாரித்த 'ஸ்டாலக்' ரிடிமின் மேல், 1982-இல் சிஸ்டர் நான்சி 'பாம் பாம்' பாடினார். ஆல்பத்தை நிறைவு செய்யக் கடைசியாகச் சேர்த்த பாட்டு. உலகில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட ரெகே பாட்டுகளில் ஒன்றாக அது வளர்ந்தது. நான்சி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து நியூ ஜெர்சியில் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1998-இல் ஒரு ஹாலிவுட் படத்தில் அவர் குரல் ஒலித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவருக்கு அந்தப் பாட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. 2014-இல் ஒரு விளம்பரத்தில் தன் பாட்டைக் கேட்ட பிறகுதான் சட்ட வழியில் இறங்கினார், உரிமையில் பாதியைப் பெற்றார். இதைக் கேட்டுக் கோபம் வராவிட்டால் அந்தப் பாட்டை ரசிப்பதில் பொருளில்லை.

இதற்கு ஒரு காரணம் சட்டம். ஜமைக்காவுக்குச் சொந்தமான நவீனப் பதிப்புரிமைச் சட்டம் 1993-இல்தான் வந்தது. அதுவரை பிரிட்டன் ஆட்சிக்காலத்து 1911-ஆம் ஆண்டுச் சட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ரிடிம் வாசித்தவருக்கு அன்றைய கூலி, பாடியவருக்கு அன்றைய கூலி, தட்டு விற்ற பணம் தயாரிப்பாளருக்கு என்பதே நடைமுறை. இன்று இசை செய்தவருக்குப் பாதி, வரியும் மெட்டும் செய்தவருக்குப் பாதி என்று எழுதிவைத்துக்கொள்வது பொதுவான வழக்கம். எழுதி வைத்துக்கொள்ளாதவர்கள் இன்றும் ஏமாறுகிறார்கள்.

ரிடிம் செய்தவர்களின் உரிமை பற்றி இப்போது நடக்கும் மிகப் பெரிய வழக்கு, ஸ்டீலி அண்ட் கிளீவி இரட்டையருடையது. 1989-இல் அவர்கள் செய்த 'ஃபிஷ் மார்க்கெட்' ரிடிமிலிருந்து ஷாபா ராங்க்ஸின் 'டெம் போ' என்ற பாட்டு பிறந்தது. அது பனாமாவின் ஸ்பானிஷ் ரெகே வழியாகப் போய், புவேர்ட்டோ ரிக்கோவில் ரெகேடோன் தாளமாகவே மாறியது. மேலே சொன்ன "தகிட தகிட தக" லத்தீன் உலகுக்குப் போன பாதை இதுதான். ஸ்டீலி 2009-இல் இறந்துவிட்டார். கிளீவியும் ஸ்டீலியின் வாரிசுகள் தரப்பும் 2021-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். ரெகேடோன் பாடகர்களான டாடி யாங்கி, பேட் பன்னி உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட தரப்பினர் மேல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளைக் குறித்துக் குற்றச்சாட்டு. தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய வேண்டும் என்ற எதிர்த்தரப்பின் கோரிக்கையை 2024-இல் நீதிபதி ஏற்கவில்லை.

ஒரு தாள அமைப்புக்கு உரிமை கோர முடியுமா என்பது கடினமான கேள்வி. எல்லாரும் எல்லாரிடமிருந்தும் எடுத்து வளர்ந்த இசை இது. ஜமைக்கர்களும் அமெரிக்கப் பாட்டுகளைத் தாராளமாக எடுத்தவர்கள்தான். இருந்தும் என் மனம் கிளீவியின் பக்கமே நிற்கிறது. ஒரு முழு இசை வகையே உங்கள் இரண்டு நிமிட வேலையின் மேல் கட்டி எழுப்பப்பட்டு, உங்கள் பெயர் மட்டும் எங்கும் இல்லாமல் போவது அநியாயம்.

வரிகளில் ஆபாசமும் துப்பாக்கியும் அதிகமாக இருக்கின்றனவே?

இருக்கின்றன. தன்பாலின ஈர்ப்பாளர்கள் மேல் வெறுப்பைக் கக்கிய பாட்டுகளும் இருக்கின்றன. அவற்றுக்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன். ஜமைக்காவிலேயே இதுபற்றி ஓயாத சண்டை நடக்கிறது. அங்குள்ள ஒளிபரப்பு ஆணையம் 2009-இல் பாலுறவை வெளிப்படையாக வருணிக்கும் பாட்டுகளை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தடை செய்தது. 2022 அக்டோபரில் மோசடி, போதைப்பொருள், துப்பாக்கி ஆகியவற்றைப் புகழும் பாட்டுகளுக்கும் தடை விதித்தது. தடைகளால் அந்தப் பாட்டுகள் தெருவிலிருந்து மறையவில்லை.

ஒரே ரிடிமில் வெறுக்கத்தக்க பாட்டும் மனத்தைத் தொடும் பாட்டும் அருகருகே இருக்கும். பிடிக்காததைத் தாண்டிப் போக உங்களுக்கு உரிமை உண்டு. நானும் அப்படித்தான் செய்கிறேன்.

இப்போது முழு ரிடிம் தொகுப்புகள் குறைந்துவிட்டனவே, இந்த வழக்கம் முடிந்துவிட்டதா?

குறைந்தது உண்மை. 2000-களில் லண்டனின் கிரீன்ஸ்லீவ்ஸும் நியூயார்க்கின் வி.பி. ரெக்கார்ட்ஸும் ரிடிமுக்கு ஒரு தட்டு என்று வரிசையாக வெளியிட்டன. 2008-இல் கிரீன்ஸ்லீவ்ஸை வி.பி. வாங்கியது. பிறகு தட்டு வியாபாரமே படுத்துவிட்டது. இணையத்தில் பாட்டு கேட்கும் காலத்தில் பாடகர்கள் தமக்கு மட்டுமேயான இசையைக் கேட்டார்கள். அமெரிக்க ஹிப்-ஹாப்பின் 'ட்ராப்' பாணியின் தாக்கத்தோடு வந்த ஸ்கில்லிபெங் போன்ற இளைய தலைமுறையின் பெரிய வெற்றிகள் பல, தனிப் பாட்டுகளாகவே வந்தன. தொகுப்பு வடிவத்துக்கு அது பெரும் அடி.

ஆனால் வழக்கம் சாகவில்லை. புகழ்பெற்ற டீஜே வைப்ஸ் கார்ட்டெல் 2024 ஜூலையில் சிறையிலிருந்து வெளிவந்து, அந்த ஆண்டின் கடைசி நாளில் கிங்ஸ்டன் தேசிய மைதானத்தில் பாடியபோது மைதானம் நிரம்பி வழிந்தது. பழைய ரிடிம்களின் காலத்துப் பாட்டுகளுக்கு இன்றும் எவ்வளவு பசி இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. புதிய ரிடிம் தொகுப்புகளும் தொடர்ந்து வருகின்றன. அவை குறைவாக வருவதால் தேர்ந்தெடுத்துக் கேட்பது எளிதாகியிருக்கிறது. எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. தனிப் பாட்டுகள் மட்டுமே வரும் சூழலில், பெயர் தெரியாத புதியவர் ஒருவர் பெரியவர்களின் பக்கத்தில் நின்று பாடி மேலே வரும் வழி அடைபடுகிறது. ரிடிம் தொகுப்பில் எட்டாவது பாட்டாக ஒட்டிக்கொண்ட எத்தனையோ பேர் பின்னாளில் பெரிய பெயர்களாக ஆனார்கள்.

மொழி ஒன்றும் புரியவில்லை. என்ன செய்வது?

முதல் சில முறை புரிய வேண்டாம். தாளத்தில் சொல் எங்கே விழுகிறது என்று மட்டும் கவனியுங்கள். அதன் பிறகு வரிகளை எழுத்தில் படித்துக்கொண்டே கேளுங்கள். ஜமைக்கரின் பேச்சு ஆங்கிலத்திலிருந்து வெகுதூரம் விலகியது, அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. பழகப் பழகக் காது பிடித்துக்கொள்ளும்.

தொடங்குவதற்கு எந்த ரிடிம்கள்?

'ஸ்டாலக்', 'ஸ்லெங் டெங்', 'ஜாய்ரைட்', 'தீவாளி', 'டிராப் லீஃப்'. இந்த ஐந்தும் போதும். ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு குரல்களைக் கேட்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். ஸ்டாலக்கில் சிஸ்டர் நான்சிக்கு அடுத்து டெனர் சாவின் 'ரிங் தி அலார்ம்' கேட்பதை மறக்க வேண்டாம்.

எனக்கு ஒரு பாட்டு மட்டும் தெரியும். அது எந்த ரிடிம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாட்டின் பெயரோடு 'ரிடிம்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். இசை ரசிகர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன. பாட்டின் பெயர், பாடியவர், தயாரிப்பாளர், ஆண்டு என்று ரிடிம் வாரியாகப் பிரித்திருப்பார்கள். ரிடிமின் பெயர் கிடைத்ததும் அந்தப் பெயரோடு 'மிக்ஸ்' என்று தேடினால், யாராவது ஒரு செலக்டர் எல்லாக் குரல்களையும் ஒன்றாகக் கோத்து வைத்திருப்பார். அதை முழுவதும் ஓடவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த பாட்டு நடுவில் எங்கோ வரும், அதற்குள் வேறொன்று பிடித்துப் போயிருக்கும்.